விரலுக்குத் தெரிந்த நம்பர்

வகுப்புக் கதவின் நம்பர் பூட்டு மூன்றாவது முறையும் சிவப்பு விளக்கைக் காட்டியது. வாத்தியார் விடுவதாக இல்லை.

பெரியவர்களுக்கான பயிற்சி மையத்தில், மூளை எப்படிக் கற்கிறது என்று பாடம் எடுப்பவர் அவர். படித்த சங்கதி மூளையில் ஓரிடத்தில் தங்கும், கை பழகிய வேலை வேறோர் இடத்தில் தங்கும் என்பது அவருடைய முதல் பாடம். பெயர் மறக்கும், சைக்கிள் மறக்காது என்று அவர் சொல்லாத நாளில்லை.

புதிதாகச் சேர்ந்த தையல்கார அம்மா மாடிப்படி ஏறும்போது பூட்டின் நம்பரைக் கேட்டதுதான் வினை. வாத்தியார் வாயைத் திறந்தார், நம்பர் வரவில்லை.

"அது தலையில இல்லம்மா. விரல்ல இருக்கு. ஆறு வருஷமா விரல்தான் திறக்குது" என்றார். நல்ல உதாரணம் தானாக வந்து மாட்டியதில் அவருக்கு ஏக திருப்தி.

இப்போது பன்னிரண்டு பேர் பின்னால் நின்றார்கள். யோசிக்கிற மூளை குறுக்கே வருகிறது என்று விளக்கி, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். சிவப்பு.

அந்த மூளைக்கு வேறு வேலை கொடுக்க, பத்தொன்பதாம் வாய்பாட்டை உரக்கச் சொல்லியபடி அமுக்கினார். வாய்பாடு பிசகவில்லை. பூட்டுதான் ஊளையிட்டது. எதிர் அறைப் பல் டாக்டர் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால், வாய் நிறையப் பஞ்சோடு ஒரு நோயாளி.

பழகிய சூழலில்தான் கை வேலை செய்யும் என்று அடுத்து தெருவுக்கே இறங்கிப் போனார். தினமும் வருகிற மாதிரி, பையை இடது தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்து அமுக்கினார். விளக்கே அணைந்துபோனது.

"விரலுக்கும் வயசாகும்ல சார்" என்று ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஆறுதல் சொன்னார்.

வாத்தியார் அசரவில்லை. படிக்கட்டிலேயே எல்லாரையும் உட்காரவைத்து, நடந்ததையே பாடமாக்கினார். அன்றுபோல் பாடம் யாருக்கும் புரிந்ததில்லை. நோயாளிகூட இரண்டு படி கீழே உட்கார்ந்து தலையாட்டினார்.

பாடம் முடியும் தறுவாயில் கதவு உள்ளிருந்து திறந்தது. பெருக்கித் துடைக்கும் அக்கா பின்வாசல் வழியாக வந்திருந்தார். பஸ் தாமதம் என்று வருத்தப்பட்டார்.

"பரவாயில்லம்மா. ஆறு வருஷத்துல இன்னிக்குத்தான் விரல் மறந்துபோச்சு" என்றார் வாத்தியார், நிறைந்த மனதோடு.

அக்கா தயங்கினார்.

"நீங்க ஒருநாளும் சரியா அமுக்கினது இல்லீங்க சார். நீங்க பட்டனைத் தட்டுற சத்தம் கேட்டதும் நான்தான் உள்ளேயிருந்து திறந்துவிடுவேன்."