நேற்றைய தேதியில் ஒரு கண்ணாடி

"அண்ணா, பௌர்ணமி அன்னிக்கா கஸ்டமருங்கள வரச்சொல்றீங்க? அன்னிக்கு கிரிவலக் கூட்டம், பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திடுவாங்க. வயசானவங்க எப்படி வருவாங்க?" என்று மூக்குக்கண்ணாடிக் கடையின் முன்மேசையிலிருந்து சினேகா கேட்டாள்.

மாறன் நாக்கைக் கடித்துக்கொண்டான். கடையின் டேட்டாபேஸில் அவன் எழுதிய ஃபங்ஷன் என்ற சிறு நிரல், ஆர்டர் தேதியோடு ஐந்து வேலைநாள்களைக் கூட்டி, விடுமுறைகளைத் தாண்டி, கண்ணாடி கிடைக்கும் தேதியை மெசேஜாக அனுப்பிவிடும். ஞாயிறு அதற்குத் தெரியும். பௌர்ணமி தெரியாது.

"தேதி தப்புன்னு இன்னொரு கஸ்டமர் வந்து நிக்கட்டும், உன் டேட்டாபேஸும் வேணாம், நீயும் வேணாம்" என்று முதலாளி சக்கரபாணி சொல்லிவிட்டார்.

கடை திறந்திருக்கும் என்றாலும், மாறன் பௌர்ணமியை விடுமுறைப் பட்டியலில் சேர்த்தான்.

அடி அண்ணாமலையிலிருந்து பைக்கில் வந்து லென்ஸ் தேய்க்கும் ஆதவன் தலையைச் சொறிந்தான். "அண்ணா, மறுநாளையும் சேத்துக்குங்க. ராத்திரி மலை சுத்திட்டு மெஷின்ல உக்காந்தா கண்ணு சொக்குது. எவனுக்கோ பார்வை குடுக்கப்போயி என் விரல் போயிடும்."

யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன் மாறன். விடுமுறையின் முடிவு தேதியில் ஒரு நாளைக் கூட்டினான். அவசரத்தில் ஆண்டையும் ஒன்று கூட்டிவிட்டதைக் கவனிக்கவில்லை.

பௌர்ணமி அன்று காலை, கையில் போனோடு தனம் அம்மாள் வந்து நின்றார்.

"தம்பி, என் கண்ணாடிக்கு அடுத்த வருசம் தேதி போட்டிருக்குதே?"

மாறன் அவசரமாகத் திரைக்குத் திரும்பினான். பூக்கட்டும் அம்மாள். 'நாரும் தெரியல, பூவும் தெரியல' என்று போன வாரம்தான் சொல்லி ஆர்டர் கொடுத்தார்.

"உக்காருங்கம்மா, ரெண்டே நிமிசம்" என்றான், திரையிலிருந்து தலையைத் தூக்காமலே.

"முதலாளி போன் பண்ணாருண்ணா. கூட்டத்துல வண்டி போகல, நடந்து வர்றாராம்" என்றாள் சினேகா.

"ஐயோ! ஒரு வருசம் தள்ளி ஓடுது. எங்க தப்புன்னே தெரியல."

"முன்னாடி ஓடுனா பின்னாடி வரச்சொல்லுங்க. அவ்ளோதானே?"

சரியென்றே பட்டது. விடுமுறை வந்தால் அடுத்த நாளுக்குப் போகாமல் முந்தைய நாளுக்குப் போகும்படி மாற்றினான். அண்ணாமலையாரை நினைத்துக்கொண்டு, தனம் அம்மாளின் ஆர்டரையே ஓட்டிப் பார்த்தான்.

அம்மாளின் போன் சிணுங்கியது. எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இதுல நேத்து தேதி போட்டு, வந்து வாங்கிக்கச் சொல்லுது தம்பி."

மாறன் தலையில் கை வைத்துக்கொண்டான். அதே நேரம் சக்கரபாணி வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

"இன்னாம்மா, தேதி தப்பா வந்துச்சா?"

மாறன் கண்களை இறுக மூடிக்கொண்டான். வாசலில் "அரோகரா" என்று ஒரு கூட்டம் கடந்து போனது.

"இல்லீங்க ஐயா, இப்பதான் சரியா சொல்லுது" என்றார் தனம் அம்மாள். "அடுத்த வருசம்னு வந்ததும், திருப்பிக் குடுத்துடணுமோன்னு கேக்கத்தான் வந்தேன். பௌர்ணமி கூட்டத்துல நீ நடக்காதம்மான்னு நேத்தே ஆதவன் தம்பி எங்க வீட்டாண்ட கொண்டாந்து குடுத்துட்டுப் போச்சு. அத்த மாட்டிக்கினுதான இந்த மெசேஜையே படிக்கிறேன்!"