மூட்டை இளைத்த கதை

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பஸ் மறுபடியும் நின்றது. டிரைவர் எத்திராஜ் பின்னால் ஓடி, கடைசி சீட்டுக்கு அடியில் இருந்த மூட்டையை உதறிப் பார்த்தான்.

"ஏறுன சனம் அப்டியே கீது, ஏத்துன கரியைக் காணோமே!"

கீரைக்கூடையோடு நடந்து வந்த வேம்புலியம்மாள் வெற்றிலைக் கறைப் பல்லைக் காட்டினாள். "இன்னா நைனா, இன்னிக்கும் படுத்துகிச்சா?" என்று கேட்டுவிட்டு பஸ்ஸைத் தாண்டிப் போனாள்.

யுத்தத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததிலிருந்து பூந்தமல்லி - ஆவடி பஸ் கரிப்புகையில்தான் ஓடியது. பின்புறம் பீப்பாய் மாதிரி ஓர் உலை. விறகுக்கரியும் கிடைக்காமல் போனபோது எத்திராஜ்தான் வழி கண்டுபிடித்தான். ரைஸ் மில்லில் வீணாய்க் குவிந்து கிடந்த உமியைக் கருக்கி, வடிகஞ்சி விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்துக் காயவைத்தான். வண்டி ஓடிவிட்டது. வேகத்தைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. ஆனாலும் தன் மூளையில் ஓடுகிற பஸ் என்று அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

வழியில் உலைக்குப் போட வைத்திருந்த அந்த உருண்டைகள்தான் தினமும் மாயமாகிக்கொண்டிருந்தன.

"வெளியில வித்துத் துன்றியா?" என்றார் முதலாளி உஸ்மான் கனி. "இன்னும் ரெண்டு நாள் பாப்பேன். அப்பறமும் நடுரோட்ல நின்னா உன்னை அனுப்ச்சிட்டு மாட்டு வண்டி வுட்டுடுவேன்!"

"எல்லம்மா சத்தியமா நான் இல்ல, பாய்!"

எத்திராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விறகு விற்கிற விலையில் எவளோ அடுப்புக்கு எடுத்துப் போகிறாள். சரி, அடுப்பிலேயே பாடம் கற்பிப்போம் என்று உருண்டையில் உப்பைக் கலந்தான்.

மறுநாள் மூட்டை இன்னும் சீக்கிரம் காலியானது. மிச்சமிருந்த நாலு உருண்டை உலைக்குள் படபடவென்று வெடித்ததில், ஆவடி முகாம் சிப்பாய்கள் துப்பாக்கியோடு ஓடிவந்தார்கள்.

"பொகையில கண்ணு அவியட்டும்!" என்று அடுத்த முறை வேப்பிலையை அரைத்துச் சேர்த்தான். மூட்டை சென்னீர்குப்பத்திலேயே தட்டையாகிவிட்டது. பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டியதில் முன்சக்கரம் வாய்க்காலில் இறங்கியதுதான் மிச்சம். ஜனங்கள் சிரித்த முகத்தோடு தள்ளிக் கொடுத்தார்கள்.

வினோதம் என்னவென்றால், வண்டி நிற்க நிற்கக் கூட்டம் ஏறியது. நடந்தே முந்திய கீரைக்காரிகள்கூட டிக்கெட் வாங்கினார்கள்.

கெடு முடிந்ததும் முதலாளியே பஸ்ஸில் ஏறினார். பருத்திப்பட்டு தாண்டவில்லை, வண்டி இருமி இருமி ஓய்ந்தது. மூட்டைக்குள் கைவிட்ட எத்திராஜுக்கு வெறும் சாக்குதான் அகப்பட்டது.

"யாரு எடுத்தது? சொல்லுங்கம்மா, என் பொயப்பு போவுது!"

அத்தனை பேரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள்.

"போதும்டா," என்றார் உஸ்மான் கனி. "இன்னியோட உன் வேல முடிஞ்சிது."

எத்திராஜ் காக்கிச் சட்டையின் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தான்.

வேம்புலியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. மூடிய வாயைத் திறந்தாள். பல் பளீரென்றிருந்தது.

"அவன் மேல கோச்சிக்காத பாய்! இந்த பஸ்ஸ வுட எங்க காலு ஜோரா போவும். உப்பு, வேப்பலன்னு பாத்துப் பாத்து இவன் பண்ற பல்லுப்பொடிக்கோசரம்தான நாங்க டிக்கெட்டே வாங்குறோம்!"