கையில் அளந்த கழிப்பறை

‘இது என்ன பெரிய வேலையா?’ என்று கேட்கிற ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. குழாய் சொட்டினாலும் மின்விசிறி முனகினாலும் இவர்கள் வாயிலிருந்து முதலில் வருவது இந்தக் கேள்விதான். இரண்டாவதாக வருவது, ‘அந்த ஸ்க்ரூ டிரைவரை எடு.’ பிரித்ததைத் திரும்பப் பூட்டிய பிறகு எப்படியும் சில திருகாணிகள் மிஞ்சும். அவற்றை ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டு, ‘கம்பெனிக்காரனுக்கு வேற வேலை இல்ல, தேவையில்லாம மாட்டி வச்சிருக்கான்’ என்று ஒரு திட்டும் திட்டுவார்கள். ஆளைக் கூப்பிடலாமே என்று யாராவது சொன்னால் போச்சு. குடும்ப மானத்தையே ஏலம் விடச் சொன்னதுபோல முகம் சுருங்கிவிடும்.

அந்த இனத்தில் முதல் தரமான ஒருவரை எனக்குத் தெரியும். அலுவலகத்தில் அவருக்கு ‘இன்ஜினியர்’ என்று பெயர். படித்தது வணிகவியல், பார்ப்பது குமாஸ்தா வேலை. கேலிக்கு வைத்த பெயரை மனிதர் பட்டமாக வாங்கிக்கொண்டார்.

இன்ஜினியரின் மாமியாருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மகள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. இனிமேல் தரையில் குந்தவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீடோ பழைய வீடு. இருப்பதோ ஒரே கழிப்பறை, அதுவும் தரையோடு தரையாக. ஆகவே நாற்காலிபோல உட்காருகிற வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தே தீர வேண்டும்.

“பிளம்பரை வரச் சொல்லட்டுமா?” என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

“இது என்ன பெரிய வேலையா? கீழ குழாய் இருக்கு. மேல பீங்கான வைக்கணும். அவ்வளவுதானே?”

“அம்மா வர்றதுக்குள்ள முடிஞ்சிடுமா?”

“உங்கம்மா வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி.”

பழையதை உடைக்கிற வரைக்கும் வேலை அமோகமாக நடந்தது. உடைப்பதில் இந்த இனம் என்றுமே தோற்றதில்லை. உடைத்த பின் தரைக்குள்ளிருந்து ஒரு பழைய மண் குழாய் வாயைப் பிளந்துகொண்டு வெளிப்பட்டது. சுவரிலிருந்து அது இருந்த தூரம் எந்தக் கணக்கிலும் சேராத தூரம். அளவு டேப் வீட்டில் எங்கோ இருந்தது. ஆனால் அது எங்கே என்று மனைவியைக் கேட்க வேண்டுமே! கேட்பாரா? இரண்டு கைகளையும் விரித்து, ஒன்றைச் சுவரிலும் மற்றொன்றைக் குழாயின் நடுவிலும் வைத்தார். அப்படியே எழுந்தார். விரித்த கைகளோடு தெருவில் இறங்கிக் கடைக்கு நடந்தார்.

பாதி வழியில் அலுவலக மேனேஜர் எதிரே வந்து வணக்கம் சொன்னார். பதிலுக்குக் கை கூப்பினால் அளவு போய்விடும். கூப்பாவிட்டால் பதவி உயர்வு போய்விடும். இன்ஜினியர் மோவாயால் வணக்கம் வைத்தார். மேனேஜர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். கடைவாசலில் ஒரு தும்மல் வந்தது. கை நகர்ந்ததா? நகரவில்லை என்று முடிவு செய்தார்.

“சுவத்துலேர்ந்து குழாய் எவ்வளவு தூரம் சார்?” என்றார் கடைக்காரர்.

“இவ்வளவு.”

“இஞ்ச்ல சொல்லுங்க சார்.”

“கை இங்கதானே இருக்கு, அளந்துக்கங்க.”

கடைக்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு நெருங்க நெருங்க, அந்தக் கைகள் கடையில் இருந்த மாடலுக்குத் தோதான அளவில் தாமாகவே வந்து நின்றன. குழாய்வாய் என்ன சைஸ் என்ற அடுத்த கேள்விக்கு, “எல்லாம் ஒரே சைஸ்தான்” என்று இன்ஜினியர் சொன்ன தோரணையில் கடைக்காரருக்கே தன் தொழிலில் சந்தேகம் வந்துவிட்டது.

வீட்டில் வைத்துப் பார்த்தால், பீங்கானின் வாய் ஓர் இடத்தில், குழாயின் வாய் வேறு இடத்தில். மசிவாரா நம் ஆள்? பீங்கானை முன்னால் இழுத்தார். இழுத்து இழுத்து, பின்னால் சுவருக்கும் பீங்கானின் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு பூனை குடித்தனம் நடத்துகிற அளவுக்கு இடம் விட்டுக் குழாயின் மேல் உட்காரவைத்தார். சேராத வாய்களைச் சேர்க்க சைக்கிள் ட்யூபைச் சுற்றினார். சுற்றிலும் சிமென்ட் பூசினார். அது இறுகட்டும் என்று குடும்பத்தை அன்று முழுக்கப் பக்கத்து வீட்டுக் கழிப்பறைக்கு அனுப்பினார். மறுநாள் தண்ணீர் ஊற்றினார். போனது! ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. ஊரையே கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது அவருக்கு.

வாசலில் மாமியாரின் கார் வந்து நின்றபோதுதான், உள்பக்கம் திறந்து கிடந்த கழிப்பறைக் கதவை முதல்முறையாக மூடினார். கதவு பாதியில் பீங்கானின் மூக்கில் இடித்து நின்றுவிட்டது.

வாக்கர் என்கிற நடைவண்டியை ஊன்றி ஊன்றி வந்த மாமியார் எட்டிப் பார்த்தார். “மாப்பிள்ளை, கதவு?”

“கால் சரியாகுற வரைக்கும் கதவைச் சாத்தாம இருக்கிறதுதான் அத்தை பாதுகாப்பு.”

“யாருக்கு?”

மனைவி ஒரு போர்வையைத் திரையாகக் கட்டினாள். மாமியாருக்கு அது போதவில்லை. அவர் நடைவண்டியைத் தரையில் தட்டினால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் தெருவுக்குப் போய்விட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. மழையிலும் போனார்கள். எதிர்வீட்டுக்காரர் கேட்டபோது, “சும்மா காத்து வாங்கறோம்” என்றார் இன்ஜினியர், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு.

போகப் போக நடைவண்டிச் சத்தம் குறைந்தது. அத்தைக்குப் பழகிவிட்டது என்று அவர் மகிழ்ந்துபோனார். அப்புறம் ஒரு நாள் காலையில் மாத்திரையோடு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மாள் மாத்திரையை மட்டும் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் இல்லாமலே விழுங்கினார்.

“தண்ணி அத்தை?”

“வேண்டாம் மாப்பிள்ளை. தண்ணி குடிச்சா போகணும். நான் போனா நீங்கள்லாம் தெருவுல நிக்கணும்.” பிறகு, மருமகன் முகம் வாடியதைப் பார்த்தோ என்னவோ, “உட்கார ரொம்ப சௌகரியமாத்தான் இருக்கு” என்றும் சொன்னார்.

இன்ஜினியருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டம்ளரோடு சமையலறைக்குப் போய் மனைவி முன்னால் நின்றார். “எனக்குத் தெரியல. பிளம்பரைக் கூப்பிடு” என்றார். அவர் வாயில் அப்படி ஒரு வாக்கியத்தை அவள் அதுவரை கேட்டதே இல்லை. கையில் இருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் போனை எடுத்தாள்.

பிளம்பர் வந்தார், ஒரு வளைவுக் குழாயைப் போட்டுப் பீங்கானைச் சுவரோடு சேர்த்தார், கதவு சாத்திக்கொண்டது. அவர் வேலை செய்த நேரம் முழுக்க நம்மவர் வாசலில் நின்று, “கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க, இன்னும் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். கதவு பீங்கானில் இடித்தது என்று படித்தீர்களே, அப்போதே, ‘இதுக்குப் போய் ஏன் இவ்வளவு கஷ்டம்? கதவைக் கழட்டி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டிட்டா தீர்ந்தது, இது என்ன பெரிய வேலையா’ என்று மனசுக்குள் ஓடியதா இல்லையா? எனக்கும் ஓடியது. ஸ்க்ரூ டிரைவரை அப்புறம் தேடலாம். முதலில், உங்கள் வீட்டில் யாராவது தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.