நாற்பது வெள்ளை

பெயிண்ட்கடைக்காரர் அந்தத் திங்கட்கிழமை காலை, வாயில் பிரஷ்ஷோடு, தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தீர்மானத்தை எடுத்தார். பல்லை வெளுத்துவிடுவது. அழகுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். ஐம்பத்திரண்டு வயதில், தலை வழுக்கையான பிறகு, பல் பளபளத்து எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகிறார்? இது தடயத்தை அழிக்கிற வேலை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்கு ஓர் இருமல் வந்தது. இரண்டு மாதம் வீட்டையே உலுக்கி எடுத்தது. அப்போதுதான் மனைவி அந்த ஒப்பந்தத்தைப் போட்டாள். "நீங்க சிகரெட்டை விடுங்க. நான் காபியை விடுறேன்." காபி அவளுக்கு உயிர். விடிந்து ஒரு வாய் காபி உள்ளே போகாமல் அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. அப்படிப்பட்டவள் அன்றைக்கே காபித்தூள் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். அதன் பிறகு ஒரு சொட்டு தொடவில்லை.

அவரும் சிகரெட்டை விட்டார். சரியாகப் பதினோரு நாள். அப்புறம், கடைக்குப் பின்னால் காலி டின்கள் அடுக்கியிருக்கிற சந்தில், நாளைக்கு எட்டு. வீட்டுக்குத் திரும்பும்போது வாயில் புதினா மிட்டாய். மனசாட்சி உறுத்தும். உறுத்தல் தாங்காமல் இன்னொன்றைப் பற்றவைப்பார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னலோர சோபாவில் தூங்கி எழுந்தவரை மனைவி உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க பல்லு ஏன் இவ்ளோ மஞ்சளா இருக்கு?"

"வயசாகுதுல்ல."

"சிகரெட்டை விட்டு மூணு வருஷமாச்சு. கொஞ்சமாவது வெளுத்திருக்க வேணாமா?"

"அது... டீ. கடையில டீ ஜாஸ்தி."

"அப்ப டீயையும் விட்டுப் பாருங்க. தெரிஞ்சிடும்."

அந்த 'தெரிஞ்சிடும்' காதில் விழுந்ததும் அவர் உதட்டால் பல்லை மூடிக்கொண்டார். அவளோ ஒன்றும் நடக்காதது போல, நாட்காட்டியில் அன்றைய கட்டத்துக்குள் பென்சிலால் 31 என்று எழுதினாள். ஞாயிறுதோறும் அப்படி ஏதாவது எழுதுவாள். படிக்கிற நாவலின் பக்கமாக இருக்கும் என்று அவர் கண்டுகொள்வதில்லை. வருடக்கணக்கில் முப்பதாம் பக்கத்தையே சுற்றிச் சுற்றி வருகிறாளே என்று கொஞ்சம் இளக்காரம்கூட உண்டு.

மறுநாள் காலையில்தான் குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு நோட்டீஸ் சொருகியிருந்ததைப் பார்த்தார். 'பல் மருத்துவரின் நேரடிக் கவனிப்பில் பல் வெண்மையாக்குதல்.' பேப்பரோடு வந்திருக்கும். தெய்வமே அனுப்பிவைத்தது என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெள்ளையைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஒப்பிப்பார். வீட்டிலும் ஒப்பிப்பார். "வெள்ளையிலயே நாப்பது வெள்ளை இருக்கு. ஒண்ணாம் நம்பர் பால். நாப்பதாம் நம்பர் பழைய பேப்பர். பகல் வெளிச்சத்துல நிற அட்டையை வச்சுப் பாருங்க, டியூப்லைட்டுல பார்த்தா ஏமாந்துடுவீங்க. ஒண்ணு சொல்லிடறேன், பளிச்சுனு அடிச்சா சின்னக் கறைகூடக் காட்டிக்கொடுத்துடும். மஞ்ச சுவத்துல எது புதுக் கறை, எது பழசுன்னு எவனுக்கும் தெரியாது."

பல் மருத்துவர் சின்னப் பெண். சிரிக்காத முகம்.

"சிகரெட் பிடிப்பீங்களா?"

"சேச்சே!"

மருத்துவர் குட்டிக் கண்ணாடியைப் பல்லுக்குப் பின்னால் விட்டுப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை?"

"நாலு..."

கண்ணாடி இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. "எட்டு" என்று திறந்த வாயோடு ஒப்புக்கொண்டார்.

"சரி. முதல்ல சொத்தை இருக்கான்னு பார்த்து, சுத்தம் பண்ணணும். அப்புறம்தான் வெளுக்கிறது."

"ஒரு கோட்டா, ரெண்டு கோட்டா டாக்டர்?"

"இது பூசற வேலை இல்லைங்க. பல்லுக்குள்ள இறங்கின கறையை மருந்து வெளுக்க வைக்கும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, இந்த நாற்காலியிலயே ஒன்றரை மணி நேரத்துல முடிக்கலாம். இல்லேன்னா உங்க பல்லுக்கு அளவெடுத்து உறை செஞ்சு தருவோம். அதுல மருந்து வச்சு, ரெண்டு வாரம் வீட்டுல தினமும் மாட்டிக்கணும்."

"வீட்டுலயா? ஐயையோ! நாற்காலிதான்."

"பின்னாடி ஒரு பல்லு அடைச்சிருக்கீங்க. அந்த அடைப்பு நிறம் மாறாது. மத்த பல்லு கொஞ்ச நாள் கூசும், பயப்படாதீங்க. ரெண்டு நாளைக்கு டீ, காபி, பீட்ரூட் எதுவும் கூடாது. சிகரெட் எப்பவுமே கூடாது. பிடிச்சா பழையபடி மஞ்சளாயிடும்."

"எத்தனை நாள்ல டாக்டர்?"

மருத்துவர் மறுபடியும் கண்ணாடியை அவர் வாய்க்குள் விட்டார். "பல்லை வெளுக்க நான் இருக்கேன். நுரையீரலை யாரு வெளுப்பாங்க?"

வாயைத் திறந்து வைத்திருந்தது வசதியாகப் போயிற்று.

சுத்தம் செய்வது புதன்கிழமை முடிந்தது. சனிக்கிழமை வெளுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் பட்டாலே பல் மண்டைவரை கூசியது. இருந்தாலும் ஜெயித்தவனின் கூச்சம் இல்லையா? மனைவி முன்னால் போய் நின்று, முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார்.

"பார்த்தியா? ஒரு வாரம் டீயை விட்டதுக்கே!"

"அட, ஆமா. இப்படி ஜன்னல்கிட்ட வாங்க. பகல் வெளிச்சத்துல பார்க்கணும்."

அவள் ஃபிரிட்ஜ் மேலிருந்து ஒன்றை எடுத்தாள். ஹாலுக்குப் பெயிண்ட் அடித்தபோது அவரே கொண்டுவந்து போட்ட, நாற்பது வெள்ளையும் உள்ள நிற அட்டை. விசிறி போல விரித்து, ஒவ்வொரு வெள்ளையாக அவர் பல்லோரம் வைத்துப் பார்த்தாள். அவர் கடையில் பார்ப்பதுபோலவே, ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

"ஆறு" என்றாள். நாட்காட்டியில் எழுதினாள். 31-க்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் 6.

பெயிண்ட்கடைக்காரர் முந்தின மாதத்துத் தாளையும் புரட்டி அந்த எண்களைப் பார்த்தார். 28. 29. 29. 30. 31. பக்கமாவது, நாவலாவது!

"நீ... எப்ப இதெல்லாம்..."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாயைப் பொளந்துக்கிட்டுத்தானே தூங்குறீங்க. ஜன்னலோரமா வேற. விட்டவங்களுக்கு நம்பர் இறங்கணும். உங்களுக்கு ஏறிக்கிட்டே போச்சு." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "மூணு வருஷங்க. பக்கத்து வீட்டுல காபி கொதிச்சா நான் ஜன்னலைச் சாத்திக்குவேன்."

அவருக்கு வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது. சந்தில் பிடித்த சிகரெட் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது.

"இனிமே சத்தியமா..."

"சத்தியமெல்லாம் வேணாம். நம்பர் போதும்."

சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போனாள். கவிழ்ந்து கிடந்த டப்பா நிமிர்ந்திருந்தது. புதுத் தூளின் வாசனை வீடெல்லாம் பரவியது. ஒரே ஒரு டம்ளரோடு வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்து, கண்ணை மூடி முதல் வாயைக் குடித்தாள்.

"எனக்கு?" என்றார் ஈனக்குரலில்.

"உங்களுக்கு இன்னும் ரெண்டு நாள் ஆகலையே."

"அது... அந்த ரெண்டு நாள் கணக்கு உனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணாடியில நோட்டீஸைச் சொருகறதுக்கு முன்னாடி, டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன்." அவள் டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னாள். "மஞ்ச சுவத்துல புதுக் கறை தெரியாதுன்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்றீங்க. அதான் வெள்ளையடிச்சு வச்சிருக்கேன்."