கப்பல் ஏறாத கப்பல்காரர்

அவள் ஓடிப்போகவில்லை. முதலில் அந்தப் பேச்சைத் திருத்திக்கொள்ளுங்கள். அறுபத்திரண்டு வயதில், மூட்டுவலிக்குப் பூசும் களிம்பையும் மூக்குக்கண்ணாடியையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு, கிழட்டு நாயை முன்னாலேயே ஏற்றிவிட்டு, பல் துலக்க வெளியே வந்த தெருவே வேடிக்கை பார்க்க, வாசலில் வந்து நின்ற வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்த பெண்பிள்ளையை ஓடிப்போனவள் என்று சொல்ல மாடி வீட்டம்மாவுக்கு எப்படித்தான் நாக்கு வந்ததோ. "கட்டின புருஷன வாசல்ல நிக்க வச்சுட்டுப் போயிட்டா" என்று கடைக்குக் கடை சொல்கிறாராம். வாசலில் நிற்க வைத்தாளா? அவர் வாசலுக்கு வந்திருந்தால்தானே நிற்க வைக்க? அவர் பின்கட்டில் குழாயை மூடிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே மூடியிருந்த குழாயை. மூன்றாவது தடவையாக.

நியாயம் பேச வேண்டுமானால் அவளைப் பற்றிப் பேசிப் பயனில்லை, அவரைப் பற்றித்தான் பேச வேண்டும். அவர் ஒற்றை ஆள் இல்லை, ஓர் இனம். ஏற்பாட்டுக்காரர் இனம். சட்டைப்பையில் இரண்டு பேனா இருக்கும். ஒன்று எழுத, இன்னொன்று அது எழுதாமல் போனால் எழுத. சாப்பிடப் போகிற கடைக்கு முதல் நாளே போய் நாற்காலி ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு வருவார்கள். நல்ல குடையாகத் தேடித் தேடி வாங்குவார்கள், கடைக்குள்ளேயே பத்துத் தடவை விரித்து மடக்கிப் பார்ப்பார்கள், மழை வருகிற அன்றைக்குக் குடை நனைந்துவிடுமே என்று வீட்டோடு இருந்துவிடுவார்கள். இவர்கள் எந்த வாக்கியத்தையும் ஒரே சொல்லில்தான் ஆரம்பிப்பார்கள். "எதுக்கும்." எதுக்கும் ஒரு தடவை கேட்டுடறேன். எதுக்கும் இன்னொண்ணு இருக்கட்டும். எதுக்கும் நாளைக்குப் பாத்துக்கலாம். நல்லவர்கள்தான். ஒரு ஈ எறும்புக்குக் கெடுதல் நினைக்க மாட்டார்கள். கூட இருக்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துபோவார்கள்.

நம்முடைய ஆள் முப்பத்தைந்து வருஷம் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் சாவி வைத்திருந்தவர். மூன்று கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணி அந்தக் கதவைத் தாண்டியதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது சாவியைத் திருப்பிக் கொடுத்தார், பழக்கத்தைக் கொடுக்கவில்லை. அவருடைய மனைவி தையல்காரி. அவளுடைய தையல் இயந்திரம் ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பக்கத்துக் கட்டடத்தின் சுவர். தலை நிமிர்ந்தால் சுவர், ஊசியில் நூல் கோத்துவிட்டுப் பார்த்தால் சுவர். இந்த வீட்டுக்கு வந்த முப்பத்து மூன்று வருஷமாக அந்தச் சுவரில் எந்த இடத்தில் காரை பெயர்ந்திருக்கிறது என்பதைத் தவிர அவள் வேறு காட்சி கண்டதில்லை.

கல்யாணமாகி நாற்பதாவது வருஷம், வெளியூரில் இருக்கும் மகள் தொலைபேசியில் கேட்டாள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று. அவர் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"நாலு பக்கமும் சுவர் இல்லாத இடத்துல ஒரு நாள் உக்காரணும்டி."

மகள் புத்திசாலி. பெரிய கப்பலில் ஏழு நாள் பயணம், கடலைப் பார்த்த அறை, அறைக்கு வெளியே இரண்டு நாற்காலி போடுகிற அளவுக்கு ஒரு பால்கனி. முதல் நாள் தங்கத் துறைமுகத்தை ஒட்டிய ஹோட்டல், வீட்டிலிருந்து ஹோட்டலுக்கும் அங்கிருந்து கப்பலுக்கும் கார், நாயை விட்டுப்போக ஒரு காப்பகம். எல்லாவற்றையும் முடித்துவிட்டு, "நீங்க ஏறி உக்காந்தா போதும்மா" என்றாள். அதை அப்பா காதில் விழும்படி சொன்னதுதான் அந்தப் பிள்ளை செய்த ஒரே தப்பு. ஏறி உட்கார்ந்தால் போதும் என்றால் ஏற்பாட்டுக்காரருக்கு என்ன வேலை?

அந்தப் பயணச்சீட்டில் ஒரு நிபந்தனை இருந்தது. தேதியை இரண்டு தடவைதான் தள்ளிப்போடலாம். மூன்றாவது தேதியைத் தவறவிட்டால் சீட்டு செல்லாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் வைத்துக்கொண்டாள்.

அவர் கோப்பு ஒன்று திறந்தார். ஒவ்வொரு தாளுக்கும் நாலு பிரதி எடுத்தார், எல்லாப் பைகளிலும் ஒவ்வொரு கட்டு போட்டார். கப்பலின் படத்தைக் கூடத்துச் சுவரில் ஒட்டி, அவர்கள் அறையிலிருந்து உயிர்காக்கும் படகுக்கு எத்தனை அடி என்று கூடத்திலேயே நடந்து பார்த்தார். சக்கரம் வைத்த பெட்டிகளை நிலைக்கதவோரம் நிறுத்தினார். தெருவில் எல்லாரும் அவரைக் கப்பல்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலி என்று அவருக்குப் படவில்லை. பதவி உயர்வு என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் நாய். அதன் பெயர் தளபதி. பன்னிரண்டு வயதில் போர் எதுவும் பாக்கியில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்காகக் காப்பகத்து அம்மாவிடம் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்: எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கும், தும்மினால் என்ன சொல்ல வேண்டும். காலையும் மாலையும் போட்டுக் காட்டச் சொல்லித் தம் குரலையும் பதிவு செய்து கொடுத்தார். "தளபதி, சாப்பிட்டியா? நான் வந்துடுவேன். கவலப்படாத." அத்தோடு விட்டாரா? எதுக்கும் ஒரு ராத்திரி விட்டுப் பார்ப்போம் என்று விட்டுவிட்டு வந்தார். மறுநாள் கூட்டிவரப் போனால், நாய் இன்னொரு நாயின் மேல் காலைப் போட்டுப் படுத்திருந்தது. இவரைப் பார்த்தது, வாலை ஒரு தடவை ஆட்டியது, திரும்பப் படுத்துக்கொண்டது.

"ரொம்ப சமத்து சார். அழவே இல்ல" என்றாள் காப்பகத்து அம்மா.

வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தார், காப்பகத்தின் பெயரை அடித்தார். பிறகு, "அந்த இடம் சரியில்ல" என்றார்.

"ஏங்க? நாய் சந்தோஷமாத்தானே இருந்துச்சு?"

"அதான் சரியில்லங்கறேன். நம்மள விட்டுட்டு ஒரு நாய் எப்படி சந்தோஷமா இருக்கும்? என்னமோ பண்ணியிருக்காங்க."

தேதி முதல் தடவை தள்ளிப்போயிற்று. இன்னும் மூன்று காப்பகம் பார்த்துவிட்டு, கடைசியில் அதே காப்பகத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்.

அடுத்தது ஹோட்டல். வரவேற்பில் இருந்த பையனுக்கு இவர் குரல் பழகிப்போய், எடுத்ததுமே, "சொல்லுங்க கப்பல் சார்" என்பான்.

"ஜன்னல் திறக்குமா தம்பி?"

"திறக்கும் சார்."

"அப்ப வேண்டாம். திறக்காத ஜன்னலா குடு."

மூன்று நாள் கழித்து: "தம்பி, திறக்காத ஜன்னல்னா காத்து எப்படி வரும்?"

பயணத்துக்குப் பத்து நாள் முன்னால், எதுக்கும் ஒரு நாள் தங்கிப் பார்த்துவிடலாம் என்று அவளையும் கூட்டிக்கொண்டு போனார். சாயங்காலம். அவள் ஜன்னல் திரையை விலக்கினாள். கீழே துறைமுகம். அதே கப்பல், வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு, ஒரு தெருவே பெயர்ந்து போகிற மாதிரி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. மேல்தளத்தில் பொடிப் பொடியாக ஆட்கள். அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. சுவரே இல்லை. அவளை அறியாமல் கை மேலே போயிற்று.

அவர் குளியலறையிலிருந்து கடிகாரமும் கையுமாக எட்டிப் பார்த்தார். "வெந்நீர் வர ரெண்டரை நிமிஷம் ஆவுது. நீ யாருக்குக் கையாட்டற?"

"யாருக்கும் இல்ல. நீங்க குழாய ஒத்திகை பாக்கறீங்க. நான் கையாட்டறத ஒத்திகை பாக்கறேன்."

அந்தப் பதிலில் இருந்தது அவருக்கு எட்டவில்லை. இரண்டரை நிமிஷம்தான் எட்டியது. மகளைக் கூப்பிட்டார். "வேற ஹோட்டல் பாக்கணும்மா. ஒரு ஆறு மாசம் தள்ளிப் போட்டுடு." தேதி இரண்டாவது தடவை தள்ளிப்போயிற்று. வேறு ஹோட்டலிலும் இரண்டரை நிமிஷம்தான் ஆயிற்று என்பது பிற்பாடு தெரிந்தது. அதற்குள் அவள் நிலைக்கதவோரம் நின்ற பெட்டிகளின் மேல் தைத்து முடித்த துணிகளை மடித்து அடுக்க ஆரம்பித்திருந்தாள். இடம் தோதாக இருந்தது. அந்தப் பெட்டி நகராது என்று கைக்கே தெரிந்துவிட்டது.

மூன்றாவது கார். இங்கேதான் அவர் தம் திறமையையெல்லாம் கொட்டினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. சரியாக ஆறு மணிக்குக் கார் வாசலை விட்டுக் கிளம்பும், தெருமுனை வரை போகும், திரும்பி வரும். முதல் ஒத்திகையில், வீட்டைப் பூட்டிவிட்டு வர அவளுக்கு இரண்டு நிமிஷம் தாமதமாயிற்று. அவ்வளவுதான், அன்று சாயங்காலமே தாளில் எழுதிவிட்டார்: "வண்டி ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். யார் வந்தாலும் வராவிட்டாலும் நிற்கக் கூடாது." அவர் கையெழுத்து, டிரைவர் கையெழுத்து, அவள் கையெழுத்து. கிடங்குக் கணக்கில் மூன்று. தாளைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டினார்.

இரண்டாவது ஒத்திகையில் அவளுக்கு ஒரு நிமிஷம் தாமதம். செருப்பின் வார் அறுந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு, பையோடு, அவள் வாசலுக்கு வரும்போது கார் நகர்ந்துவிட்டது. பின்கண்ணாடி வழியாக அவர் கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டே போனார். மாடி வீட்டம்மா பால்கனியில் நின்று பார்த்துச் சிரித்தார். ஆமாம், இன்றைக்கு நியாயம் பேசுகிறாரே, அதே அம்மாதான். அன்றைக்கு, "பொண்டாட்டிய வாசல்ல நிக்க வச்சுட்டுப் போறாரே" என்று அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை. கார் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அவர் இறங்கினார்.

"பாத்தியா? இந்நேரம் கப்பல் போயிருக்கும். ஏற்பாடுன்னா ஏற்பாடு. உனக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?"

"இல்லீங்க" என்றாள் அவள். "ஒரே சட்டம்தான்."

இது போதாதென்று, முதல் கார் பழுதானால் என்ன செய்வது என்று ஆறேகாலுக்கு இன்னொரு காரும் பேசி வைத்தார். அதிலும் அதே மாதிரி ஒரு தாள். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாடி வீட்டம்மா இதை விட்டுவிட்டுத்தான் கதை சொல்கிறார்.

அந்த நாளும் வந்தது. மூன்றாவது தேதி. ஐந்து நாற்பதுக்கெல்லாம் அவள் பெட்டி மேலிருந்த துணிகளை எடுத்து வைத்துவிட்டு, தன் பெட்டியைத் தானே உருட்டிக்கொண்டுபோய்க் காரில் ஏற்றினாள். ஐந்து ஐம்பதுக்கு நாயை ஏற்றினாள். அவர் கூடத்தில் நின்று கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். குழாய்க்கு நேரே ஒரு குறி போட்டிருந்தது. போட்டது தாம்தானா என்று அவருக்கே சந்தேகம்.

அவள் திரும்பி வந்து நிலைப்படியில் நின்றாள். "என்னங்க, மணி ஆகுது."

"எதுக்கும் ஒரு தடவை குழாயைப் பாத்துட்டு வந்துடறேன்."

"நான் மூடிட்டேங்க. நீங்களும் ரெண்டு தடவை மூடிட்டீங்க."

"எதுக்கும்" என்றபடி அவர் பின்கட்டுக்குப் போனார்.

அவள் ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் வழியாக அந்தச் சுவர் தெரிந்தது. இன்றைக்கு விட்டால் அது மட்டும்தான் பாக்கி. நிலைப்படியைத் தாண்டினாள், கதவைச் சும்மா சாத்தினாள், நடந்து போய்க் காரில் உட்கார்ந்தாள்.

டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "ஆறு ஆயிடுச்சும்மா."

"தாள்ல என்ன எழுதியிருக்கு?"

"யார் வந்தாலும் வராட்டியும் நிக்கக் கூடாதுன்னு."

"யாரு எழுதினது?"

"ஐயாதான்."

"அப்ப ஐயா சொன்னபடி செய்யுங்க தம்பி. அவருக்கு ஆறேகாலுக்கு வேற வண்டி வருது."

கார் கிளம்பியது. எங்கேயும் எதுவும் தவறவில்லை. காப்பகத்தில் நாயை இறக்கியது, ஹோட்டல் வாசலில் அவளை இறக்கியது, அறைச் சாவி காத்திருந்தது, மறுநாள் கப்பலுக்குக் கூட்டிப்போகிற காரும் நேரத்துக்கு வந்து நின்றது. அவ்வளவு கச்சிதமான ஏற்பாடு. அதில் ஏற்பாடு செய்தவர் இல்லை என்பதுகூட அந்த ஏற்பாட்டுக்குத் தெரியவில்லை.

ஆறு மூன்றுக்கு அவர் வெளியே வந்தார். தெரு காலியாக இருந்தது. மாடி வீட்டம்மா மேலிருந்து, "போயிட்டாங்களே" என்றார்.

"சரியா ஆறுக்குக் கிளம்பிச்சா?"

"ஆறுக்குத்தான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று அந்த அம்மா சொல்வது பொய். பையிலிருந்து பேனாவை எடுத்து, கோப்பில் "முதல் வண்டி, 6.00" என்ற வரிக்கு நேரே சரி போட்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது வண்டிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. அடுப்பை அணைத்தது அவள். அணைத்தாயா என்று கேட்க இப்போது ஆள் இல்லை. எதுக்கும் என்று உள்ளே போனார். அடுப்பிலிருந்து மின்விசிறி, மின்விசிறியிலிருந்து மேல்தட்டு, மேல்தட்டிலிருந்து மறுபடியும் குழாய். ஆறேகாலுக்கு இரண்டாவது கார் வந்தது, ஒலி எழுப்பியது, தாளைப் படித்தது, வெறுமையாகக் கிளம்பிப் போயிற்று.

அந்தக் காரை ஓடிப்போனது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். சிரித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் வீட்டு நிலைக்கதவோரம், இல்லாவிட்டால் பரண் மேல், பாருங்கள். என்றைக்கோ ஒரு நாள் போகலாம் என்று வாங்கிய பெட்டி ஒன்று இருக்கும். அதன் மேல் துணி மடித்து அடுக்கியிருக்கிறதா? அடுக்கியது யார் என்று சத்தம் போடாமல் விசாரித்துக்கொள்ளுங்கள். இப்போதே வேண்டாம் என்கிறீர்களா? சரி. எதுக்கும் நாளைக்குப் பாருங்கள்.