கம்பிரசர் நிறுத்தாத பாட்டு

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றுவிட்டவன் நான். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். பத்திரிகை ஆசிரியர் திருத்திப் போட்டுக்கொள்வார் என்று நம்புகிறேன். லோரி ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிய கை பேனாவையும் அப்படியே பிடிக்கிறது. எழுத்தெல்லாம் வளைவில் திரும்புவதுபோல் சாய்ந்து போகிறது.

ஆனால் விஷயத்தில் பிழை இல்லை. மலாக்கா மாநிலத்தில் டயர் ஒட்டுகிற தமிழர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களில் ‘பங்க்’ என்கிற வெள்ளைக்காரக் கத்தல் பாட்டுக்குக் குழு வைத்திருந்தவர் காத்தண்ணன் ஒருவர்தான். பாட்டுக் குழு வைத்திருந்தவர்களில் பாடவே வராதவரும் அவர் ஒருவர்தான்.

தொண்ணூறுகளில் அவர் கடை நியாலாஸ் போகும் சாலையில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் தொடங்கும் முனையில் இருந்தது. கடை என்றால் நாலு கம்பம், மேலே தகரம், பக்கத்தில் மலைபோலப் பழைய டயர்கள். டயருக்குக் காற்று அடிக்கிறவர் என்பதால் ஊரே அவரைக் காத்தண்ணன் என்றது. அவருடைய கல்யாணப் பத்திரிகையில் சொந்தப் பெயருக்குப் பக்கத்தில் ‘காத்து’ என்று போட்ட பிறகுதான் மாப்பிள்ளை யார் என்று ஊருக்குத் தெரிந்தது.

நான் அப்போது செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றும் வேலையில் இருந்தேன். எங்கள் லோரியின் டயர் வெடிக்காத வாரம் கிடையாது. ஒரு நாள் டயர் மாற்றும்வரை சும்மா இருக்க முடியாமல், கடைக்குப் பின்னால் போய் ஒரு இரும்புக் கம்பியால் பழைய ரிம்மைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஆள் இல்லாத இடத்தில்தான் தட்டுவேன். யாராவது பார்த்தால் எனக்குக் கையும் ஓடாது, வாயும் ஓடாது. காத்தண்ணன் வந்து நின்றது தெரியவில்லை.

“இன்னொரு வாட்டி தட்டு.”

“சும்மாண்ணே.”

“சும்மா தட்டுனதே இப்படின்னா கோவத்துல தட்டுனா எப்படி இருக்கும்? யார் மேலயாச்சும் கோவம் இருக்கா?”

யோசித்துப் பார்த்தேன். “ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி மேல கொஞ்சம்.”

“போதும்லா. ஞாயித்துக்கெழம வா.”

இப்படித்தான் நான் டிரம்ஸ் வாசிப்பவன் ஆனேன்.

அவருக்கு இந்தப் பைத்தியத்தை ஒட்டவைத்தவன் அமான். மஸ்ஜித் தானாவில் இருந்து வரும் மலாய்க்காரன், ஃபேக்டரியில் வேலை. தலைமுடியை முள்ளம்பன்றி மாதிரி நிமிர்த்தி வைத்திருப்பான். ஒருமுறை மோட்டார் சைக்கிள் டியூப் ஒட்ட வந்தவன், காத்திருக்கும் நேரத்தில் தன் வாக்மேனை எடுத்துக் காத்தண்ணன் காதில் மாட்டிவிட்டான். அண்ணன் டியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றார். குமிழி வந்துகொண்டே இருந்தது. அவர் பார்க்கவே இல்லை.

பாட்டு முடிந்ததும் மலாயில் கேட்டார். “இவன் பாடத் தெரியாமத்தான் பாடுறானா?”

“ஆமாண்ணே. அதான் பங்க். பாடத் தெரிஞ்சவங்க வேற பாட்டு பாடுவாங்க.”

“அப்ப நானும் பாடலாம்லா.”

கார் நிறுத்தும் கராஜில் வாசித்துப் பழகியதால் இந்த வகைக்குக் கராஜ் பங்க் என்றே பெயர் என்று அமான் இன்னொரு நாள் சொன்னான். அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “பாத்தியாடா, நம்ம கடைக்குன்னே ஒரு பாட்டு கண்டுபுடிச்சிருக்கானுங்க” என்று என்னிடம் பெருமைப்பட்டார்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்தத் தகரக் கொட்டகை பாட்டுக்காரர்களின் சந்தையானது. அமானும் அவன் கூட்டாளிகளும் கேசட்டுகளோடு வருவார்கள். யார் என்ன பாட்டுக் கட்டியிருக்கிறான், எந்த ஊர் மண்டபத்தில் எந்தக் குழு வாசித்தது, எவன் எந்தப் பாடகனை எந்தச் சாலையோர ஒட்டுக்கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடும்போது பார்த்தான் என்று பேச்சு ஓடும். நான் டயர் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என் டிரம்ஸும் அங்கேதான் இருந்தது. இரண்டு எண்ணெய் டின், ஒரு ரிம், பிஸ்கட் தகரம், எங்கோ ஒரு பள்ளிக்கூடம் கழித்துக்கட்டிய சின்ன டிரம் ஒன்று. முன்னால் டயர் சுவர் இருந்ததால் வருகிறவர்களுக்கு என் தலைமுடி மட்டும்தான் தெரியும். எனக்கு அதுவே வசதி.

ஒரு பழைய கிட்டாரோடு பாட அண்ணன், தட்ட நான். எங்கள் குழுவில் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. அதுதான் காற்று அடிக்கும் கம்பிரசர்.

அதன் தொட்டியில் எங்கோ கசிவு. காற்று குறைந்தால் தானாகவே எழுந்து கத்த ஆரம்பித்துவிடும். அது கத்தும்போது பக்கத்தில் வெடி வைத்தாலும் கேட்காது. ஒரு பாட்டை ஆரம்பித்தால் அது எழுவதற்குள் பாடிவிட வேண்டும். எழுந்துவிட்டால் அண்ணன் கிட்டாரில் இருந்து கையை எடுப்பார், நான் குச்சியை இறக்குவேன். பாட்டு முடிந்தது. அது கத்தி ஓய்ந்ததும் அண்ணன் “சரிடா, அடுத்தது” என்பார். எங்கள் பாட்டுகள் எல்லாம் இப்படித்தான் முடிந்தன.

“சுவிட்ச அடைச்சிட்டா என்னாண்ணே?” என்று அமான் ஒருநாள் கேட்டான்.

“எதுக்கு அடைக்கணும்? நமக்குப் பாட ஆரம்பிக்கத்தான் தெரியும். நிறுத்த அதுக்குத்தான் தெரியும்.”

பாட்டு எழுதுவது எப்படி என்று கேட்டு வருகிறவர்களுக்கும் அவர் கம்பிரசரை வைத்துத்தான் பாடம் நடத்துவார். “காதல எழுதாத. காதல்னா நிலா வரும். நிலா வந்தா பின்னாடியே மேகம் வரும், பூ வரும். அதுக்குள்ள கம்பிரசர் வந்துரும். பல்லு வலிய எழுது. பல்லு வலிக்கிறவன் சுத்தி வளைச்சுப் பேச மாட்டான்.”

அவர் எழுதியதும் அப்படித்தான். எங்கள் பெரிய பாட்டு, தோட்டத்து முனையில் நிற்காமல் போகிற பஸ்ஸைப் பற்றியது.

பஸ்சு வரல, பஸ்சு வரல,
வந்தாலும் நிக்கல,
நின்னாலும் ஏத்தல,
ஏத்துனாலும் எடமில்ல.

இதை அவர் கத்தும்போது, பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பெண்கள் திரும்பிப் பார்த்து, “ஆமா காத்து, நல்லா கேளு” என்பார்கள். எங்களுக்குக் கிடைத்த முதல் ரசிகர்கள் அவர்கள்தான்.

ஒருமுறை கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசிக்கும் கிட்டார்காரர் ஒருவர், பளபளச் சட்டையோடு கார் டயரை ஒட்ட வந்து மாட்டிக்கொண்டார். பாட்டைக் கேட்காமல் சக்கரத்தைத் தர அண்ணன் மறுத்துவிட்டார். அவர் கேட்டார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

“சுதி சேரலையே அண்ணே.”

“சேந்தா அது உங்க பாட்டு.”

“இது என்ன ராகம்?”

“வயித்தெரிச்சல்.”

அந்த நல்ல மனிதர் பொறுக்க முடியாமல் கிட்டாரை வாங்கி, கம்பிகளை முறுக்கிச் சுதி சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் ஒருமுறை மீட்டிப் பார்த்தார். யாரோ தன் வீட்டுக்குள் நுழைந்து சாமான்களை இடம் மாற்றி வைத்ததுபோல முகம் வாடிப்போனார். அன்று மாலைவரை உட்கார்ந்து பழைய சத்தத்தைத் தேடித் தேடிக் கம்பிகளைத் தளர்த்தினார்.

இவ்வளவு கூத்தடித்த மனிதருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. தன் குரல் ஒரு கேசட்டில் ஏற வேண்டும். கேலியாகத்தான் சொல்கிறார் என்று நினைத்து ஒருநாள் காரணம் கேட்டேன். அவர் ஒட்டிக்கொண்டிருந்த டியூப்பைக் கீழே வைத்தார்.

“எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டயில பாடுவாருடா. பக்கத்து நிரையில உள்ளவங்க கத்திய வச்சிட்டு நிப்பாங்க. கங்காணி அவங்கள வெரட்ட வந்து அவரும் நின்னு கேப்பாரு. என்ன பாட்டுன்னு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. கொரலுதான் ஞாபகம் இல்ல. எவ்வளவு யோசிச்சாலும் வர மாட்டுது. வீட்டுல படம் மாட்டி மால போட்டுருக்கோம். படம் பாடுமா?”

கம்பிரசர் எழுந்து கத்தியது. அது ஓய்ந்ததும் அவர் மறுபடி டியூப்பை எடுத்துக்கொண்டார்.

அவர் ஆசைக்கு வழி கிடைத்தது. மஸ்ஜித் தானாவில் ஒரு பூப்பந்து மண்டபத்தில் ஞாயிறு பிற்பகல் எல்லாக் குழுக்களும் வாசிப்பதாக ஏற்பாடு. குழுவுக்கு ஒரு பாட்டு. அமான் அங்கேயே பதிவு செய்து, எல்லாவற்றையும் ஒரே கேசட்டாக்கிக் குழுவுக்கு ஒன்று தருவான். குழுவின் பெயர் கேட்டான். அண்ணன் கையில் இருந்ததைப் பார்த்து, “ஒட்டுன டியூப்பு” என்றார்.

எனக்குத்தான் பிரச்சினை. மண்டபம் நிறைய ஆட்கள். என்னால் முடியாது, காய்ச்சல் வருகிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வேனோடு வந்தார். பின்னால் நாலு லோரி டயர்.

“இது எதுக்குண்ணே?”

“ஒனக்குத்தான். முன்னால அடுக்கிக்க. எவனும் பாக்க மாட்டான்.”

மண்டபத்து மேடைக்கு நாங்கள் டயர் உருட்டிக்கொண்டு போனதைப் பார்த்து, இதுவும் பங்க்கில் ஒரு வகை போலிருக்கிறது என்று கூட்டம் கை தட்டியது. எங்களுக்கு முன்னால் வாசித்தவர்கள் எல்லாம் சரியாகத் தொடங்கிச் சரியாக முடித்தார்கள். எங்கள் முறை வந்தது. அண்ணன் மைக்கைப் பிடித்தார். “டிரம்ஸ் அடிக்கிறது நம்ம தம்பி. டயருக்குப் பின்னால இருக்கான். தேடாதீங்க” என்று தமிழில் சொல்லிவிட்டுப் பஸ் பாட்டை ஆரம்பித்தார்.

பாட்டு பிரமாதமாகப் போனது. கூட்டம் குதித்தது. அண்ணன் கடைசி வரியைக் கத்திவிட்டு வழக்கம்போல் மறுபடி முதல் வரிக்கு வந்தார். நானும் வந்தேன். மறுபடி கடைசி வரி, மறுபடி முதல் வரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பிரசர் நியாலாஸில் இருக்கிறது.

எங்களுக்கு ஒரு பாட்டை எப்படி முடிப்பது என்றே தெரியாது.

டயர் சந்து வழியாக அண்ணனைப் பார்த்தேன். அவரும் திரும்பி என்னைப் பார்த்தார். முடிப்பார் என்று நான் அவரை நம்பினேன், முடிப்பேன் என்று அவர் என்னை நம்பினார். பஸ் வரிகள் தீர்ந்து, தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைப் பாடினார். மானேஜர் வீட்டு நாயைப் பாடினார். பளபளச் சட்டைக்காரரைப் பாடினார். குதித்தவர்கள் களைத்து உட்கார்ந்தார்கள். சிலர் வெளியே போய்த் தேதாரே டீ குடித்துவிட்டு வந்து, இன்னுமா என்று பார்த்தார்கள். எனக்குத் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது.

அந்த நேரம் வாசலில் யாரோ ஒருவன் புகைக்குழாய் உடைந்த மோட்டார் சைக்கிளை முடுக்கினான். மண்டபமே அதிர்ந்தது. நானும் அண்ணனும் ஒரே நொடியில் நிறுத்தினோம்.

அன்று அதிகக் கைத்தட்டல் எங்களுக்குத்தான். இப்படித் துல்லியமாக நிறுத்த எத்தனை நாள் பயிற்சி எடுத்தீர்கள் என்று ஒருவன் வந்து கேட்டான். ஆனால் அமான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே டேப்பின் அந்தப் பக்கம் தீர்ந்துவிட்டது. குரல் பாதியில் அறுந்து நிற்கிறது.

அண்ணன் அவன் முதுகில் தட்டினார். “பரவால்லலா. அடுத்த வாட்டி கம்பிரசரையும் ஏத்திட்டு வந்துர்றேன்.”

அடுத்த தடவை வரவில்லை. சாலையை அகலமாக்கினார்கள், கொட்டகை போனது. அண்ணன் மனைவியின் ஊரான சுங்கை ரம்பாயில் ஒரு ஃபேக்டரிக் காவல் வேலைக்குப் போய்விட்டார். போகும்போது கேசட்டை என்னிடம் கொடுத்தார். “எங்கிட்ட இருந்தா கேட்டுக்கிட்டே இருப்பேன்டா. வேல கெட்டுரும். நீ வச்சிரு.” அதன்பின் தீபாவளிக்குத் தீபாவளி பார்ப்போம். பாட்டைப் பற்றி அவர் பேச மாட்டார். எனக்கும் ஆரம்பிக்கக் கூச்சம்.

சென்ற மாதம் அவர் இறந்துபோனார். கருமகிரியைக்குச் சாமான் வாங்க அவர் மகளை லோரியில் டவுனுக்கு அழைத்துப் போக வீட்டுக்குப் போனேன். சுவரில் அவர் படம், மாலையோடு. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அப்பா பாடுனத கேட்டிருக்கியாம்மா?”

“அப்பாவா? குளிக்கும்போதுகூட ஒரு சத்தம் வராதே மாமா.”

அந்த வீட்டில் கேசட் போடும் பெட்டி இல்லை. என் பழைய லோரியில் பெட்டியும் இருந்தது, அந்தக் கேசட்டும் இருந்தது. சாவியைப் பாதி திருப்பினால் என்ஜின் எழாமல் ரேடியோ மட்டும் ஓடும். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டேன். முதலில் கூட்டத்தின் சத்தம். பிறகு, டயருக்குப் பின்னால இருக்கான், தேடாதீங்க என்ற அந்தக் கரகரப்பு. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் வரவில்லை, வந்தாலும் நிற்கவில்லை. அவள் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். மானேஜர் வீட்டு நாய்க்கு வந்தபோது, பாதிச் சொல்லில் டேப் நின்றது.

“அப்பறம் மாமா?”

“அவ்வளவுதாம்மா. டேப்பு முடிஞ்சிருச்சு.”

“பாட்டு முடியலையே.”

“ஆமா. முடியல.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேரமாகிறது, போகலாம் என்றாள். என் கை சாவியில்தான் இருந்தது. திருப்பினால் என்ஜின் கத்தும். அது கத்தினால் பாட்டு முடிந்துவிடும்.

“என்னா மாமா, ஸ்டார்ட் ஆகலையா?”

“ஆகும்மா. கொஞ்சம் இருக்கட்டும்.”

இதை எழுதி முடித்தது, காத்தண்ணன் கருமகிரியைக்கு அடுத்த ஞாயிறு, காலையில்.