முதல் சுற்றிலேயே நன்றி சொன்ன மச்சான்

மொந்தேவிதேயோ,
ஜூலை மாதக் குளிர்.

குற்றக்கதை உலகின் புது நட்சத்திரமும் என் தங்கை மகளுமான நெலிதாவுக்கு, ஓய்வுபெற்ற துப்பறியும் அதிகாரி வாஷிங்டன் மாமா எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீயும் உன் அம்மா இர்மாவும் நலமாயிருக்க வேண்டுகிறேன். உன் அப்பா ஒலெகாரியோவின் நலம் பற்றி, விசாரணை முடிந்த பிறகு பார்க்கலாம்.

போலீஸ் நடைமுறை சரியா என்று பார்க்கச் சொல்லி நீ கொடுத்த நாவலைப் படித்தேன். அடடா, என்ன வேகம்! பிணம் விழுந்த மறுநிமிடமே உன் துப்பறியும் நிபுணர் வந்து குதிக்கிறார். எங்கள் காலத்தில் ஜீப் இருந்தால் பெட்ரோல் இருக்காது, பெட்ரோல் இருந்தால் டிரைவர் சாப்பிடப் போயிருப்பார். பரிசோதனைக் கூடத்து முடிவு வருவதற்குள் கொலைகாரனுக்குப் பேரன் பிறந்துவிடும். அதைவிடக் கொடுமை, நாவல் முழுக்க ஒருத்தர்கூட நம்மூர் மாத்தே இலைக் கஷாயம் குடிக்கவில்லை. கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க் இல்லாத போலீஸ்காரனை இந்த ஊரில் எவள் பெற்றாளம்மா? ஏழாம் அத்தியாயத்தில் உன் ஆள் துப்பாக்கியைத் தன் இழுப்பறையிலேயே வைத்துவிட்டு ஊரெல்லாம் தேடுகிறான். சிவப்பு மையால் அடித்து, 'இப்படியொரு மடையன் எங்கள் இலாகாவில் இருந்ததே இல்லை' என்று எழுதியிருக்கிறேன்.

நிஜ விசாரணை எப்படியிருக்கும் என்று போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டிலேயே இலவசமாகக் காட்டினேனே, கவனித்தாயா? இறைச்சி சுட்டுச் சாப்பிட்டு முடித்து, நான் மாத்தே ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற அன்று சகாக்கள் தந்த, வெள்ளிப்பூண் போட்ட என் மாத்தே சுரைக்குடுக்கை, ஒரே குழலில் ஆளுக்கொரு தரம் உறிஞ்ச, கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. உன் அப்பா ஒரே ஒரு தடவை உறிஞ்சிவிட்டு, "நன்றி மச்சான்" என்று திருப்பித் தந்தார். நன்றி சொன்னால் இனி எனக்கு வேண்டாம் என்று அர்த்தம், வாஸ்தவம். ஆனால் முதல் சுற்றிலேயா? எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்துவிட்டது. "சாட்சியப் பொருளை எப்படி மாமா கட்டி வைப்பீங்க?" என்று நீ கேட்ட அதே சமயம் பக்கத்து வீட்டு ரேடியோ "கோல்!" என்று அலற, எல்லோரும் மதிலுக்கு ஓடினீர்கள், நானும் பின்னாலேயே வந்தேன். திரும்பிப் பார்த்தால் குடுக்கையைக் காணோம்!

வாசலைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். "மச்சான், நான் எதுக்கு அதைத் திருடணும்? கொதிக்கக் கொதிக்கத் தண்ணிய ஊத்தி இலையவே கருக்கிட்டே. வாயில வைக்க முடியல, அதான் நன்றின்னேன்" என்றார் உன் அப்பா. பிடிபட்டவன் அதிகாரியின் மேலேயே பாய்வது பழைய தந்திரம், எழுதி வைத்துக்கொள். "திருடன் கையில குடுக்கை, வாயில குறை, அப்படித்தானே மாப்ள?" என்றேன். அதற்குள் உன் அம்மா குறுக்கே வந்துவிட்டாள். "என் வீட்டுல தின்னுட்டு என் புருஷனையே திருடன்கிறியா அண்ணே? சாவியக் குடு. இனி ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே!"

நான் தனிக்கட்டை, நெலிதா. வாரத்தில் மனித முகம் பார்ப்பது அந்த ஒரு நாள்தான். அது போனது என்னை வாட்டத்தான் செய்கிறது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே. ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் அப்பா குடுக்கையைக் கொடுத்து ஒப்புக்கொண்டால் பெருந்தன்மையோடு மன்னித்துச் சாப்பிட வருகிறேன்.

உன் புத்தகம் கடையில் கிடந்து தூசி படியாமல் விற்றுத் தீர என் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமா வாஷிங்டன்

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பிக் கோட்டை மாட்டினேன், உள்ளே என்னவோ இடித்தது. அன்றைக்கே கோட்டு கனத்தது, வயசாகிவிட்டது என்று நினைத்தேன். நீங்கள் மதிலுக்கு ஓடியதும், நீ கேட்டதைச் செய்து காட்ட வேண்டுமே என்று குடுக்கையைக் காகிதத்தில் சுற்றி, கயிறு கட்டி, உள்பையில் பத்திரப்படுத்தியிருக்கிறேன். கையெழுத்துகூடப் போட்டிருக்கிறது. என்னுடையதுதான். ஏழாம் அத்தியாயத்தில் என் சிவப்பு மையை அழித்துவிடு, அப்படியொரு மடையன் எங்கள் இலாகாவில் இருந்திருக்கிறான். உன் அம்மாவிடம் நல்ல வார்த்தை சொல்லி வை. ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவே ஊற்றட்டும். எவ்வளவு கண்றாவியாக இருந்தாலும், இருட்டும்வரை நான் நன்றி சொல்ல மாட்டேன்.